ரசமும் மீயாகும், பார்லியும் மீயாகும்: மூத்தோருக்கான கடற்பாசிச் சமையல் பாடம்



வயது கூடக்கூடத் தாகம் குறைகிறது. உடலுக்குத் தண்ணீர் தேவைப்பட்டாலும் நாக்கு அதைக் கேட்பதில்லை. "குடிச்சா அடிக்கடி எழுந்து போகணும்" என்று சிலர் குடிப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். சிலருக்குக் குவளையைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது. இன்னும் சிலருக்கு வெறும் தண்ணீரைக் குடித்தாலே புரை ஏறுகிறது. கஞ்சியும் மசித்த சோறும் சாப்பிட்டுச் சலித்துப்போனவர்களும் உண்டு.

குடிக்கும் திரவத்தையே மீ போல நறுக்கி உண்ணும் முறையை இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம். பெரிய உணவகங்களில் இதை நவீனச் சமையல் நுட்பம் என்கிறார்கள். நம் வீட்டில் ஒரு பொட்டலம் அகார் அகார், ஒரு பானை, இரண்டு தட்டு, ஒரு கத்தி போதும்.

இந்த ஜெல்லி மீ ஒருவருக்கு நன்மை செய்யும், மற்றொருவருக்குத் தொண்டையை அடைக்கும். ஆகவே செய்முறைக்குப் போகும் முன் அடுத்த பகுதியைக் கட்டாயம் படியுங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்

1. தண்ணீர், தேநீர், சூப் குடிக்கும்போதோ குடித்த உடனேயோ அடிக்கடி இருமல் வருகிறதா?
2. சாப்பிட்ட பிறகு, தொண்டையில் நீர் தேங்கியது போல, குரல் ஈரமாகவும் கரகரப்பாகவும் கேட்கிறதா?
3. விழுங்கிய பிறகும் உணவு வாயிலோ தொண்டையிலோ தங்கிவிடுகிறதா?
4. முன்பு 15 நிமிடத்தில் முடித்த சாப்பாட்டுக்கு இப்போது அரை மணிக்கு மேல் ஆகிறதா?
5. காரணம் தெரியாமல் எடை குறைகிறதா?
6. நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருகின்றனவா?

இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் ஜெல்லி மீயை இப்போதைக்குச் செய்ய வேண்டாம். முதலில் அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், நினைவிழப்பு நோய் உள்ளவர்களும், தொண்டையில் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சுச் சிகிச்சையோ பெற்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம் தொண்டையில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடுவதால், தசை தளர்ந்தவருக்கு மூச்சுக்குழாய் மூடுவதற்குள் தண்ணீர் அங்கே போய்விடுகிறது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். சிலருக்கு இருமலே வராமல் இது நடக்கும். ஆகவே "இருமல் இல்லை, பயமில்லை" என்று நாமாக முடிவு செய்யக்கூடாது.

விழுங்குவதைப் பரிசோதித்து, எந்த அளவு கெட்டியான உணவு ஒருவருக்கு ஏற்றது என்று சொல்பவர் பேச்சு சிகிச்சையாளர். ஸ்பீச் தெரபிஸ்ட் என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். பெயரில் பேச்சு இருந்தாலும் விழுங்குவதைக் கவனிப்பதும் அவர் வேலைதான். உணவு, பானங்களின் தன்மையை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரித்த உலகளாவிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 0 என்பது வெறும் தண்ணீர், 7 என்பது வழக்கமான சாப்பாடு. அவர் உங்களுக்கு ஒரு படியைச் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். கெட்டியாக்கும் மாவு கலந்த பானம் குடிக்கச் சொல்லியிருந்தால், அதை நிறுத்திவிட்டு ஜெல்லிக்கு மாற வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல.

எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று பதில் வந்தவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

திரவம் எப்படிக் கட்டியாகிறது?

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேராக்கில் கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டிலேயே ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதன்பின் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் விடியற்காலையில் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தார்கள். அங்கே பாலில் தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட் ஊற்றித் தட்டில் வைத்தால், சில மணி நேரத்தில் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும். அதை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகை போட்டார்கள்.

பாலில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக இருக்கின்றன. ஆசிட் அந்தத் தள்ளும் தன்மையைப் போக்கிவிடுகிறது. துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் கட்டியாகிறது. திரவத்தில் தனித்தனியாகத் திரிவதை ஒன்றாகப் பிடித்து நிறுத்தினால் அது கெட்டியாகும் என்பதே இதிலுள்ள பாடம்.

அதையே சமையலில் செய்யும் உணவு ஈப்போ வெயிலில் நாம் விரும்பிச் சாப்பிடும் செண்டோல். அரிசி மாவையோ பச்சைப்பயற்று மாவையோ பாண்டான் சாறு கலந்த தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டிக் கூழாக்குகிறார்கள். சூட்டில் மாவு தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கெட்டியாகிறது. அந்தக் கூழைத் துளையுள்ள தட்டில் வைத்து அழுத்தினால், பச்சைப் புழுக்கள் போலக் கீழே உள்ள குளிர்ந்த நீரில் விழுந்து உறைகிறது. திரவத்தை மீயாக்கும் வித்தை நம் ஊரில் பல காலமாகத் தள்ளுவண்டியிலேயே நடந்து வருகிறது.

கடற்பாசியின் வேலை வேறு விதம். அகார் அகார் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. கொதிக்கும் நீரில் அது நூல் நூலாகக் கரைந்து பரவுகிறது. ஆறும்போது அந்த நூல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஒரு வலையாகின்றன. மீன் வலையில் மீன் சிக்குவதுபோல அந்த வலையில் தண்ணீர் சிக்குகிறது. 4 கிராம் தூள் அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து நிறுத்திவிடும். அதாவது கையில் எடுக்கும் அந்த ஜெல்லியில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர்தான்.

ஜப்பானியர்கள் இதைத் தொக்கொரொத்தென் என்ற பெயரில் மீயாகவே உண்கிறார்கள். கடற்பாசி ஜெல்லியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, பின்னாலிருந்து கட்டையால் தள்ளுவார்கள். முன்பக்கத்தில் கட்டம் கட்டமாக அமைந்த கம்பிகள் வழியாக ஜெல்லி இழை இழையாக வெளியே வரும். நம் இடியாப்ப உரலின் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

அகார் அகாரா, ஜெலாட்டினா?

கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

ஜெலாட்டின் மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சைவம் உண்போருக்கும், மதக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் அது பொருந்தாமல் போகலாம். அகார் அகார் கடல் தாவரம். அமாவாசை விரதத்தன்றும் சாப்பிடலாம்.

சூட்டைத் தாங்குவதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. ஜெலாட்டின் சுமார் 35 டிகிரி சூட்டில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. ஆகவே ஜெலாட்டின் வாயில் வைத்ததும் தண்ணீராகிவிடும். தண்ணீர் குடித்தால் புரை ஏறும் ஒருவருக்கு ஜெலாட்டின் கொடுத்தால், கெட்டியாகக் கொடுத்தோம் என்று நாம் நினைப்போம், அவர் தொண்டைக்குப் போவதோ தண்ணீர். அதேபோல் ஐஸ்கிரீமும் ஐஸ் கட்டியும் வாயில் உருகித் தண்ணீராகும்.

அகார் அகார் சுமார் 35 முதல் 40 டிகிரியில் உறையும். மறுபடி உருக வேண்டுமானால் சுமார் 85 டிகிரி சூடு வேண்டும். ஈப்போவின் மதிய வெயிலில் மேசைமேல் வைத்தாலும் உருகாது. வாயிலும் உருகாது. ஆகவே அதைக் கட்டாயம் மென்றுதான் விழுங்க வேண்டும்.

இந்தக் குணத்தால் அகார் அகார் உலகப் புகழ் பெற்றது. ஜெர்மனியில் ராபர்ட் கோச் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலாட்டின் மீது வளர்த்துப் பார்த்தார்கள். சூடு கூடினால் ஜெலாட்டின் உருகிக் கெட்டுப்போனது. அங்கு பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, 1881-ஆம் ஆண்டில், "அகார் அகாரைப் பயன்படுத்திப் பாருங்கள்" என்று யோசனை சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒருவரிடமிருந்து அந்தச் சமையல் பொருளை அவர் அறிந்திருந்தார். இன்றும் உங்கள் இரத்தத்தையோ சளியையோ கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினால், பெரும்பாலும் அகார் மீதுதான் கிருமியை வளர்த்துப் பார்க்கிறார்கள். நம் வட்டாரத்து மலாய்ச் சொல்லே உலகெங்கும் அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது.

அடிப்படைச் செய்முறை

தேவையானவை:

அகார் அகார் தூள் 4 கிராம். ஏறக்குறைய மட்டமான 2 தேக்கரண்டி.
தண்ணீர் 250 மில்லி.
சுவைத் திரவம் 250 மில்லி. பார்லி, ரசம், பால் என எதுவும் ஆகலாம்.
20 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு தட்டையான தட்டுகள்.

இந்த அளவு இரண்டு அல்லது மூன்று பேருக்குப் போதும். ஒவ்வொரு நிறுவனத்தின் தூளுக்கும் உறையும் வலு கொஞ்சம் மாறும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவையும் பாருங்கள்.

செய்யும் விதம்:

1. குளிர்ந்த தண்ணீர் 250 மில்லியில் தூளைத் தூவிக் கலக்குங்கள். சூடான நீரில் தூளைப் போட்டால் கட்டி கட்டியாகிவிடும்.

2. அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். கொதி வந்த பிறகு 2 முதல் 3 நிமிடம் கொதிக்க வேண்டும். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் மணல் போலத் துகள் தெரியக்கூடாது.

3. சுவைத் திரவத்தைத் தனியாகச் சூடாக்கி வைத்திருங்கள். அதை அகார் அகார் நீரில் ஊற்றிக் கலக்குங்கள். குளிர்ந்ததை ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே திப்பித் திப்பியாக உறைந்துவிடும்.

4. இப்போது ஒரு சோதனை. குளிர்ந்த தட்டில் ஒரு தேக்கரண்டி ஊற்றி, சில நிமிடம் பொறுங்கள். உறைந்ததும் முட்கரண்டியின் பின்பக்கத்தால், உங்கள் கட்டை விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துங்கள். ஜெல்லி நசுங்கி அப்படியே கிடந்தால் சரி. ரப்பர் போல எழும்பி வந்தால் அது மிகவும் கெட்டி. இன்னும் கொஞ்சம் சூடான திரவம் சேர்த்து மறுபடி சோதியுங்கள். உறையவே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் தூளைச் சிறிது குளிர்ந்த நீரில் கரைத்து, தனியாகக் கொதிக்க வைத்துச் சேருங்கள்.

5. தட்டுகளில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, அசைக்காமல் வையுங்கள். மேசைமேலேயே அரை மணிக்குள் உறைந்துவிடும். பிறகு மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.

6. கத்தியால் அரை சென்டிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டுங்கள். பிறகு குறுக்கே வெட்டி 3 சென்டிமீட்டர் நீளமாக்குங்கள். மீ என்றதும் நீள இழை நினைவுக்கு வரும். மூத்தவர்களுக்கு நீளம் வேண்டாம். நீள இழையை உறிஞ்சத் தோன்றும், உறிஞ்சும்போது மூச்சும் சேர்ந்து உள்ளே இழுக்கும்.

பல் இல்லாதவர்களுக்கு இன்னும் சிறிதாக நறுக்குங்கள். பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

அகார் அகார் தூளை ஒருபோதும் காய்ந்தபடி வாயில் போடாதீர்கள். தண்ணீரில் சும்மா கலக்கி மருந்து போலக் குடிக்கவும் வேண்டாம். அது தொண்டையிலேயே நீரை உறிஞ்சி உப்பி அடைத்துக்கொள்ளலாம். எப்போதும் கொதிக்க வைத்து, உறைய வைத்த பிறகே உண்ண வேண்டும்.

மூன்று வகை மீ

பார்லி மீ. பார்லியைப் பாண்டான் இலையோடு வேகவைத்து வடிகட்டிய நீர் 250 மில்லி. சீனி சேர்க்காமல் செய்யுங்கள். மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தெளித்தால் வெயிலுக்கு இதமாக இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் ரோஸ் சிரப், குலா மெலாக்கா ஊற்றிச் சாப்பிட வேண்டாம். ஜெல்லியானாலும் சீனி சீனிதான்.

ரசமீ. வடிகட்டிய தெளிவான ரசம் 250 மில்லி. மிளகுத் துகள், கடுகு, கறிவேப்பிலை, மல்லித்தழை எதுவும் இருக்கக்கூடாது. அவை தொண்டையில் ஒட்டி இருமலைக் கிளப்பும். புளியோடு சேர்த்து அகார் அகாரை நெடுநேரம் கொதிக்க வைத்தால் அதன் உறையும் வலு குறைந்துவிடும். ஆகவே அகார் அகாரைத் தனியாகத் தண்ணீரில் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு சூடான ரசத்தைச் சேருங்கள். பாதி தண்ணீர் என்பதால் சுவை மட்டுப்படும். அதற்காக உப்பைக் கூட்டாமல் சீரகம், பூண்டு, மிளகின் மணத்தைக் கூட்டுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். ரசமீயைக் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் உண்ணலாம், உருகாது. கொதிக்கும் சூப்பில் போட்டால்தான் கரையத் தொடங்கும்.

பால் மீ. கொழுப்புக் குறைந்த பாலோ சீனி சேர்க்காத சோயாப் பாலோ 250 மில்லி, கொஞ்சம் ஏலக்காய்த் தூள். பாலைப் பொங்க விடாமல் சூடாக்கிச் சேருங்கள். எடை குறைந்துவரும் மூத்தவர்களுக்கு இது மற்ற இரண்டையும்விட நல்லது. 250 மில்லி பசும்பாலில் சுமார் 8 கிராம் புரதம் இருக்கிறது.

அகார் அகாரில் சத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அது பெரும்பாலும் நார்ச்சத்து. உள்ளே என்ன ஊற்றினீர்களோ அந்தச் சத்துதான் மீயிலும் இருக்கும். பார்லி மீ சாப்பிட்டுவிட்டு "மீ சாப்பிட்டாச்சு, சோறு வேண்டாம்" என்று இருந்துவிடாதீர்கள். அது வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. சாப்பாட்டுக்கு இடையில், மாலை நாலு மணிக்கு உண்பது நல்லது.

எவ்வளவு தண்ணீர் கணக்கு?

உடல்நலமுள்ள பெரியவர்கள் ஒரு நாளில் 6 முதல் 8 குவளை தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் உணவு வழிகாட்டி சொல்வது. 200 கிராம் ஜெல்லி மீயில் ஏறக்குறைய ஒரு குவளை நீர் இருக்கிறது. தண்ணீர் குடிக்க மறக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் மீ ஒரு குவளைக்குச் சமம். மற்ற குவளைகளை வழக்கம்போல் குடிக்க வேண்டும்.

சிறுநீரக நோயோ இருதய நோயோ உள்ள சிலருக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்று மருத்துவர் அளவு கொடுத்திருப்பார். ஜெல்லி மீயையும் அந்தக் கணக்கில் சேருங்கள். கெட்டியாக இருப்பதால் தண்ணீர் இல்லை என்று நினைக்கக்கூடாது. சிறுநீரக நோயாளிகள் இளநீரில் மீ செய்ய வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். குடல் அடைப்பு முன்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே அகார் அகார் உண்ணலாம். மாத்திரையைப் பொடித்து ஜெல்லியில் கலந்து கொடுக்க நினைத்தால், மருந்தாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

உண்ணும் முறை

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். படுத்தபடியோ சாய்ந்தபடியோ வேண்டாம்.

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் உண்ணும்போதுதான் புரை ஏறும்.

சிறிய கரண்டியால் ஒன்றிரண்டு துண்டுகளாக எடுங்கள். மென்று விழுங்கி, வாய் காலியான பிறகே அடுத்த கரண்டி. உறிஞ்சக்கூடாது.

வெட்டிய ஜெல்லியிலிருந்து சற்று நேரத்தில் நீர் கசியும். தட்டில் தேங்கிய அந்த நீரை வடித்துவிட்டுப் பரிமாறுங்கள். செண்டோல் போலத் தேங்காய்ப்பாலில் மிதக்கவிட்டுக் கொடுப்பது நன்றாக விழுங்கக்கூடியவர்களுக்கு மட்டுமே. கட்டியும் நீரும் ஒரே வாயில் வந்தால், மெல்லும் நேரத்தில் நீர் முந்திக்கொண்டு தொண்டைக்குப் போய்விடும்.

உண்ட பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருங்கள். வாயைக் கொப்பளித்துச் சுத்தம் செய்யுங்கள்.

மீதமானதை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பால் மீயை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கடையில் விற்கும் சிறுகிண்ண ஜெல்லி

பேரப்பிள்ளைகள் வாங்கி வரும், ஒரே வாயில் உறிஞ்சும் சிறுகிண்ண ஜெல்லியை மூத்தவர்கள் உண்ண வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். கொன்ஜாக் என்ற கிழங்கு மாவில் செய்த இத்தகைய ஜெல்லி தொண்டையில் அடைத்து உயிர்கள் போயிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொன்ஜாக் சேர்த்த ஜெல்லி இனிப்புகளைத் தடுத்தது. 2004-இல் அகார், அல்ஜினேட் போன்ற கடற்பாசிப் பொருள்களில் செய்த சிறுகிண்ண ஜெல்லிகளையும் தடுத்தது. பொருள் நஞ்சு என்பதற்காக அல்ல. உருண்டை, வழுவழுப்பு, கெட்டி, உறிஞ்சி உண்ணும் விதம் ஆகிய நான்கும் சேர்ந்ததால் வந்த ஆபத்து. நாம் மெல்லியதாக ஊற்றி, சிறிதாக வெட்டி, நசுங்குகிறதா என்று சோதித்து, கரண்டியால் உண்பது இதனால்தான்.

"யூடியூபில் வேறு மாதிரி செய்கிறார்களே?"

பிள்ளைகள் கைப்பேசியில் காட்டும் காணொளிகளில் இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, சூடான அகார் அகார் திரவத்தை ஊசிக்குழலால் மெல்லிய நெகிழிக் குழாயில் நிரப்பி, ஐஸ் தண்ணீரில் போட்டு உறைய வைத்து, காற்றால் தள்ளி நீள மீயாக வெளியே எடுப்பது. பார்க்க அழகு. ஆனால் அந்தக் குழாயை உள்ளே கழுவுவது கடினம். மருந்துக்குப் பயன்படுத்திய ஊசிக்குழலைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. தட்டும் கத்தியும் நமக்குப் போதும்.

மற்றொன்று, சோடியம் அல்ஜினேட் என்ற பழுப்புக் கடற்பாசிப் பொருளைத் திரவத்தில் கலந்து, கால்சியம் கரைத்த நீரில் பிழிவது. பிழிந்த நொடியே மேலே தோல் பிடித்து மீயாகிவிடும். ஸ்பெயின் நாட்டின் எல் புல்லி உணவகம் 2003-ஆம் ஆண்டு முதல் இந்த முறையை உலகறியச் செய்தது. ரப்பர் பாலில் ஆசிட் பட்டதும் உறைவது இதைப் பார்த்தால் நினைவுக்கு வரும். ஆனால் அளவைத் துல்லியமாக நிறுக்க வேண்டும், புளிப்பான திரவத்தில் சரியாக வராது, வைக்க வைக்க உள்வரை இறுகிக் கெட்டியாகும். இறுகும் மீ மூத்தவர்களுக்கு ஏற்றதல்ல. கால்சியத்துக்குப் பதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வாயையும் கண்ணையும் புண்ணாக்கும்.

தொண்டையில் அடைத்துக்கொண்டால்

இருமவும் பேசவும் முடிகிறது என்றால், குனிந்து பலமாக இருமச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். முதுகைத் தடவிக்கொண்டு காத்திருங்கள்.

பேச முடியவில்லை, இருமல் சத்தம் வரவில்லை, கையால் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார், உதடு நீலமாகிறது என்றால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். ஒருவர் 999-க்கு அழைக்கட்டும். மற்றவர் அவரைக் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டட்டும். வெளியே வராவிட்டால், பின்னால் நின்று அவர் வயிற்றைச் சுற்றிக் கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே கை முட்டியை வைத்து 5 முறை உள்ளேயும் மேலேயும் குத்தி இழுக்கட்டும். உதவி வரும் வரை மாறி மாறிச் செய்யுங்கள். அவர் மயங்கி விழுந்தால் தரையில் மல்லாக்கக் கிடத்தி, 999-இல் பேசுபவர் சொல்வதைக் கேட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். தனியாக இருக்கும் மூத்தவர்கள் ஜெல்லி மீயை வீட்டில் வேறு ஒருவர் இருக்கும்போது உண்பதே நல்லது.

எங்கே கேட்பது?

விழுங்குவதில் சந்தேகம் இருந்தால் உங்கள் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார்கள். "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். குடிக்கும்போது வரும் இருமலுக்குக் காரணம் கண்டுபிடிக்கலாம், பயிற்சியும் உண்டு. போகும்போது மூன்று விவரங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: எதைச் சாப்பிடும்போது இருமல் வருகிறது, எத்தனை நாளாக வருகிறது, இப்போது என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள். தமிழில் சொன்னால்தான் விளக்கமாக வரும் என்றால், மலாயோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பராமரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டிய மீயைப் பரிமாறும் முன் நீங்கள் ஒரு துண்டை எடுத்து, பல்லில் படாமல் நாக்கால் மட்டும் மேலண்ணத்தில் அழுத்திப் பாருங்கள். சுலபமாக நசுங்கினால் பரிமாறலாம். நசுங்காவிட்டால் அந்தத் தட்டை மறுபடி பானையில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். அகார் அகார் மறுபடி கரையும், மறுபடி உறையும். ஒன்றும் வீணாகாது.